கமா எங்க போடணும், எங்க போடக்கூடாது? உங்க கேள்விகளும் பதில்களும்

இங்கிலீஷ்ல எழுதும்போது வர்ற சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல ஸ்பெல்லிங்கும் இல்ல, டென்ஸும் இல்ல. எல்லாம் கமா, புள்ளி, அப்பாஸ்ட்ரஃபி தான். எனக்கு இதுல ரொம்ப சந்தோஷம், ஏன்னா யாரும் சொல்லித் தராம விட்டுட்ட பகுதி இது. உதாரண வாக்கியங்களை எல்லாம் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், அதுல இருக்கற குறிகளை மட்டும் உத்துப் பாருங்க.

கேள்வி: மூச்சு விடற இடத்துல எல்லாம் கமா போடணும்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. அப்படியே போட்டா ஆபீஸ்ல பாதி கமாவை அடிச்சுத் திருப்பித் தர்றாங்க. எது சரி மேடம்?

ஆபீஸ்ல அடிச்சது தான் சரி. ஆனா ஸ்கூல்ல சொன்னதுக்கும் ஒரு கதை இருக்கு. கி.மு. 200 வாக்குல அலெக்சாண்ட்ரியா நூலகத்துக்குத் தலைவரா இருந்த பைசான்டியம் அரிஸ்டோஃபனிஸ்ங்கறவர் தான் கிரேக்க எழுத்துல இந்தப் புள்ளி வைக்கிற முறையைக் கொண்டு வந்தவர்னு சொல்லுவாங்க. அப்ப வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல இடைவெளி கூட விட மாட்டாங்க, ஒரே கோர்வையா எழுதிட்டே போவாங்க, அதைச் சத்தமா வாசிக்கிறவங்க எங்க நிறுத்தணும்னு தெரியணுமேன்னு மேல, நடுவுல, கீழன்னு மூணு உயரத்துல புள்ளி வச்சார், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு நிறுத்தத்துக்கு. அதாவது ஆரம்பத்துல அது நிஜமாவே மூச்சுக்கான குறி தான். அப்புறம் புத்தகம் அச்சாகி, ஜனங்க மனசுக்குள்ளயே படிக்க ஆரம்பிச்சதும் அந்த வேலை மாறிப்போச்சு. இன்னைக்கு இங்கிலீஷ் கமா வாக்கியத்தோட கட்டமைப்பைக் காட்டுது, மூச்சை இல்ல.

அடிபட்ட கமா பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும், பாருங்க:

"ஆல் தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ சப்மிட்டட் தி ஃபார்ம் லாஸ்ட் வீக், வில் கெட் எ ரிப்ளை."

வாசிச்சா 'வீக்' கிட்ட நமக்கு மூச்சு முட்டும், நிறுத்தத் தோணும். ஆனா அந்த நீளமான முன்பாதி மொத்தமும் எழுவாய், 'வில் கெட்' தான் அதோட வினை. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவுல ஒத்தைக் கமா வரவே கூடாது. எழுவாய் எவ்வளவு நீளமா இருந்தாலும் இதே கதி தான்.

இதுக்கு மேல ஒண்ணு சொல்லணும், மத்த கேள்விகளுக்கும் இது தான் அடிப்படை. தமிழ்ல வாக்கியம் எங்க முடியுதுன்னு புள்ளி வச்சுக் காட்ட வேண்டிய அவசியம் பெருசா இல்ல. 'வந்தேன்', 'போயிட்டாங்க'ன்னு வினைமுற்று வந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஓலைச்சுவடில கமாவும் கிடையாது, கொஸ்டின் மார்க்கும் கிடையாது, மெய்யெழுத்துக்குக் கூடப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க, அப்படியும் அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க. ஏன்னா 'உம்', 'என்று', 'ஆ', 'உடைய'ன்னு வார்த்தைக் கடைசில ஒட்டிக்கிற சின்னச் சின்ன துண்டுகளே அந்த வேலையைப் பாத்துடும். இங்கிலீஷ்ல அந்த ஒட்டு ரொம்பக் கம்மி. அந்த வேலையில ஒரு பெரிய பங்கு குறிகள் தலையில விழுது. அதனால தான் நமக்கு அலங்காரம் மாதிரி தெரியற ஒரு கமா அவங்களுக்கு இலக்கணமா இருக்கு.

கேள்வி: என் மெயில் எல்லாத்துலயும் மேனேஜர் 'ரன்-ஆன்'னு சிவப்புல எழுதறார். நான் கமா போட்டுத் தானே பிரிக்கிறேன்? உதாரணத்துக்கு "ஐ ஹேவ் செண்ட் தி ஃபைல், ப்ளீஸ் செக் இட்". இதுல என்ன தப்பு?

இது தான் தமிழ் பேசறவங்க எழுதற இங்கிலீஷ்ல நான் அதிகமாப் பாக்கிற தப்பு. 'கமா ஸ்ப்ளைஸ்'னு சொல்லுவாங்க, உங்க மேனேஜர் 'ரன்-ஆன்'னு எழுதறதும் இதைத் தான். தனியா நிக்கக்கூடிய ரெண்டு முழு வாக்கியத்தை வெறும் கமாவை மட்டும் வச்சு ஒட்டறது. "ஐ ஹேவ் செண்ட் தி ஃபைல்" ஒரு முழு வாக்கியம். "ப்ளீஸ் செக் இட்" இன்னொண்ணு. ரெண்டையும் சேத்துப் பிடிக்கிற பலம் கமாவுக்கு இல்ல.

நமக்கு இது ஏன் உறுத்தலன்னா, நாம யோசிக்கிறதே தொடரா தான். "ஃபைலை எடுத்து, பாத்து, தப்பைத் திருத்தி, திருப்பி அனுப்பினேன்"னு எத்தனை வேலை வேணும்னாலும் ஒரே வாக்கியத்துல அடுக்கலாம், எடுத்து பாத்து திருத்தி எல்லாம் வினையெச்சம், முடியாத வினை, கடைசி 'அனுப்பினேன்' மட்டும் தான் முற்று. அந்த ஓட்டத்துலயே இங்கிலீஷ் எழுதினா "ஐ டுக் தி ஃபைல், ஐ செக்ட் இட், ஐ கரெக்டட் தி எரர்ஸ், ஐ செண்ட் இட் பேக்"னு வரும். அங்க ஒவ்வொண்ணும் முற்று. நாலு வாக்கியம் ஒரே வரில கமாவுல தொங்குது.

சரி பண்ண வழி நாலு இருக்கு. புள்ளி வச்சு ரெண்டாப் பிரிச்சுடலாம், ஆபீஸ் மெயிலுக்கு அது போதும், அது தான் நல்லாவும் இருக்கும். இல்லன்னா கமாவை வச்சுக்கிட்டு பக்கத்துல 'அண்ட்', 'பட்', 'ஸோ' மாதிரி ஒரு இணைப்புச் சொல்லைப் போடணும். மூணாவது, ஒரு பாதியை 'பிகாஸ்', 'ஆல்தோ', 'வென்'னு ஆரம்பிச்சு இன்னொண்ணுக்குக் கீழ கொண்டு வந்துடறது. நாலாவது செமிகோலன்: "தி டெஸ்ட் ஃபெயில்ட்; வி ஆர் ரன்னிங் இட் அகெய்ன்." ரெண்டு வாக்கியமும் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா இருக்கணும், ரெண்டு பக்கமும் தனியா நிக்கக்கூடிய முழு வாக்கியமா இருக்கணும். இந்தக் குறியை 1490கள்ல வெனிஸ்ல ஆல்டஸ் மனுடியஸோட அச்சகத்துல உண்டாக்கினாங்க, கமாவுக்கும் கோலனுக்கும் நடுவுல ஒரு நிறுத்தம் தேவைப்பட்டதுக்காக. அந்த நடுத்தர வேலையை இன்னைக்கும் அது தான் செய்யுது.

ஒரு இடம் மட்டும் தனியாச் சொல்லிடறேன், நல்லா எழுதறவங்களே விழற இடம். 'ஹவெவர்', 'தெர்ஃபோர்' எல்லாம் 'பட்' மாதிரி இணைப்புச் சொல் இல்ல. "தி சர்வர் இஸ் டவுன், ஹவெவர் வி ஆர் ஒர்க்கிங்"னு எழுதினா அதுவும் கமா ஸ்ப்ளைஸ் தான். "தி சர்வர் இஸ் டவுன்; ஹவெவர், வி ஆர் ஒர்க்கிங்"னு எழுதணும். முன்னாடி செமிகோலன் இல்ல புள்ளி, பின்னாடி கமா.

கேள்வி: "வேர் இஸ் ஹி கோயிங்?" சரி. "ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் ஹி வாஸ் கோயிங்?" இதுல கொஸ்டின் மார்க் தப்புன்னு சொல்றாங்க, கேள்வி தானே அது?

கேள்வி உள்ள இருக்கு, ஆனா வாக்கியம் கேள்வி இல்ல. நான் கேட்டேன்னு ஒரு தகவல் சொல்றீங்க, அவ்வளவு தான். 'எங்க போறார்னு கேட்டேன்'னு தமிழ்ல எழுதினா கடைசில கேள்விக்குறி போடுவீங்களா? மாட்டீங்க. அதே தான். "ஐ வுட் லைக் டு நோ இஃப் தி ரூம் இஸ் ஃப்ரீ" அப்படிங்கறதும் புள்ளியில தான் முடியணும்.

கேள்வி: லிஸ்ட்ல கடைசி 'அண்ட்'டுக்கு முன்னாடி கமா வேணுமா வேணாமா? ஒரு டீச்சர் போடுன்னாங்க, இன்னொருத்தர் போடாதன்னாங்க. ஒரு முடிவு சொல்லுங்க அக்கா.

'ஆக்ஸ்ஃபர்ட் கமா'ன்னு பேரே வச்சு அடிச்சுக்கிற விஷயம் இது. அமெரிக்காவுல புத்தகம் போடறவங்க பெரும்பாலும் போடுவாங்க, பத்திரிகைக்காரங்க பெரும்பாலும் தேவைப்பட்டா மட்டும் போடுவாங்க, பிரிட்டன்ல பொதுவா விட்டுடுவாங்க, ஆனா ஆக்ஸ்ஃபர்ட் யூனிவர்சிட்டி பிரஸ் போடும், பேரும் அதனால தான் வந்துச்சு. ரெண்டு டீச்சரும் தப்புச் சொல்லல.

என் முடிவு: போடுங்க. ஏன்னு ஒரு வழக்கை வச்சுச் சொல்றேன், இதை நிதானமாப் படிங்க.

அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஓக்ஹர்ஸ்ட் டெய்ரின்னு ஒரு பால் கம்பெனி. அதோட லாரி டிரைவர்கள் எங்களுக்கு ஓவர்டைம் சம்பளம் தரலன்னு வழக்குப் போட்டாங்க. யார் யாருக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு அந்த மாநிலச் சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு. உணவுப் பொருளைப் பதப்படுத்தறது, உறைய வைக்கிறது, உலர்த்தறது, சேமிச்சு வைக்கிறதுன்னு போயிட்டே இருந்து கடைசில இப்படி முடியுது: "ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன் ஆஃப்". 'ஷிப்மெண்ட்'டுக்கு அப்புறம் கமா இல்ல.

கம்பெனி சொன்னது, பேக் பண்றது ஒரு வேலை, டிஸ்ட்ரிபியூஷன் தனியா இன்னொரு வேலை, டிரைவர் டிஸ்ட்ரிபியூட் தானே பண்றாங்க, அதனால ஓவர்டைம் கிடையாது. டிரைவர்கள் சொன்னது, அங்க கமா இல்லையே, அப்ப அது ஒரே வேலை, ஷிப்மெண்டுக்காகவோ டிஸ்ட்ரிபியூஷனுக்காகவோ 'பேக்' பண்ற வேலை, நாங்க எதையும் பேக் பண்ணல. அது மட்டும் இல்ல, பட்டியல்ல இருக்கற மத்த வேலை எல்லாம் 'இங்'ல முடியுது, 'டிஸ்ட்ரிபியூஷன்' மட்டும் 'ஷிப்மெண்ட்' மாதிரி பெயர்ச்சொல்லா நிக்குது, அதுவே ரெண்டும் ஒரு ஜோடின்னு காட்டுதேன்னும் வாதம் பண்ணாங்க. கம்பெனி பக்கத்துலயும் நியாயம் இருந்துச்சு, ஏன்னா அந்த மாநிலத்துச் சட்டம் எழுதறவங்களுக்கான கையேடே கடைசி கமாவைப் போட வேண்டாம்னு தான் சொல்லுது. 2017 மார்ச்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் இது ரெண்டு விதமாவும் படிக்க முடியற வாக்கியம், அப்படி இருந்தா தொழிலாளிக்குச் சாதகமாத் தான் எடுத்துக்கணும்னு டிரைவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு. ஒரு கமா இல்லாததால வந்த வழக்கு இதுன்னு தான் அந்தத் தீர்ப்பே ஆரம்பிக்குது. 2018ல கம்பெனி 50 லட்சம் டாலருக்கு சமரசம் பண்ணிக்கிச்சு. சட்டத்தைத் தீர்ப்பு வந்த 2017லயே திருத்திட்டாங்க, எப்படின்னு பாருங்க, கமாவைச் சேக்கல, மொத்தப் பட்டியலுக்கும் செமிகோலன் போட்டு, 'டிஸ்ட்ரிபியூஷன்'ங்கறதை 'டிஸ்ட்ரிபியூட்டிங்'னு மாத்திட்டாங்க. சந்தேகத்தோட ரெண்டு வாசலையும் அடைச்சாச்சு.

தமிழ்ல இந்தத் தகராறு வர்றதே கஷ்டம். 'அனுப்பறதுக்கும் விநியோகிக்கிறதுக்கும் பேக் பண்றது'ன்னா ஒரு அர்த்தம், 'பேக் பண்றதும் விநியோகிக்கிறதும்'னா இன்னொரு அர்த்தம். 'உம்' எதுல போய் ஒட்டுதோ அது சொல்லிடும். இங்கிலீஷ்ல 'அண்ட்', 'ஆர்' ஒரே ஒரு தடவை நடுவுல வந்து நிக்கும், அது எவ்வளவு தூரத்துக்குச் சேக்குதுன்னு காட்ட கமாவை விட்டா ஆள் இல்ல. அதனால தான் போடுங்கறேன். உங்க ஆபீஸ்லயோ காலேஜ்லயோ ஸ்டைல் கைடு இருந்தா அது சொல்றபடி நடங்க, அப்பவும் குழப்பம் வர்ற இடத்துல வாக்கியத்தையே மாத்தி எழுதிடுங்க.

கேள்வி: இட்ஸ், இட்'ஸ் ரெண்டும் எனக்கு எப்பவுமே குழம்புது. அப்பாஸ்ட்ரஃபி சொந்தத்தைக் காட்டும்னா, 'அதனுடைய'ங்கறதுக்கு ஏன் போடக்கூடாது?

கேள்வி ரொம்ப நியாயமானது. "டீச்சர்'ஸ் புக்"னா டீச்சரோட புக், அப்ப 'அதோட' மட்டும் ஏன் விதிவிலக்கு? விதிவிலக்கு இல்லங்க. 'ஹிஸ்', 'ஹெர்ஸ்', 'அவர்ஸ்', 'யுவர்ஸ்', 'தெயர்ஸ்' எதுலயாவது அப்பாஸ்ட்ரஃபி பாத்திருக்கீங்களா? இந்த மாதிரி பிரதிப்பெயர்கள் சொந்தத்தைக் காட்ட அதை வாங்கிக்கிறதே இல்ல. 'இட்ஸ்' அந்தக் குடும்பத்து ஆள். அப்பாஸ்ட்ரஃபி வந்துட்டா அது 'இட் இஸ்', இல்ல 'இட் ஹேஸ்'. எழுதின பிறகு அந்த இடத்துல 'இட் இஸ்'னு விரிச்சுப் படிச்சுப் பாருங்க, பொருந்தினா அப்பாஸ்ட்ரஃபி, இல்லன்னா வேண்டாம். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க, பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுப் புத்தகங்கள்ல சொந்தத்துக்கே அப்பாஸ்ட்ரஃபி போட்டு 'இட்'ஸ்'னு எழுதியிருப்பாங்க, அப்புறம் தான் அது கழண்டு விழுந்துச்சு. அதனால உங்க குழப்பம் இன்னைக்கு நேத்து வந்தது இல்ல.

பன்மைக்கு மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க. "போட்டோ'ஸ்", "வீடியோ'ஸ்" எல்லாம் தப்பு. 1990கள்ங்கறதுக்கும் 1990 பக்கத்துல நேரா 'எஸ்' எழுதினாப் போதும். பன்மைக்கே சொந்தம் காட்டணும்னா குறி 'எஸ்'ஸுக்கு அப்புறம் போகும்: ஒரு டீச்சரோட ரூம் "டீச்சர்'ஸ் ரூம்", பல டீச்சர்களோட ரூம் "டீச்சர்ஸ்' ரூம்". காதுக்கு ரெண்டும் ஒண்ணு தான், கண்ணுக்கு மட்டும் தான் வித்தியாசம் தெரியும்.

பேர்ப்பலகை விஷயத்துல மட்டும் விதியைத் தேடாதீங்க. லண்டன் சுரங்க ரயில்ல பிக்காடில்லி லைன்ல அடுத்தடுத்து ரெண்டு ஸ்டேஷன், 'ஏர்ல்'ஸ் கோர்ட்'டுக்கு அப்பாஸ்ட்ரஃபி உண்டு, 'பேரன்ஸ் கோர்ட்'டுக்குக் கிடையாது. புத்தகக் கடை வாட்டர்ஸ்டோன்ஸ் 2012ல தன் பேர்ல இருந்ததை எடுத்துட்டாங்க. பேர் அவங்கவங்க வைக்கிறது, அவங்க எழுதற மாதிரியே நாமளும் எழுதிட்டுப் போயிடலாம்.

கேள்வி: 'ஹூ'வுக்கு முன்னாடி எப்ப கமா போடணும்?

அந்தத் துண்டை எடுத்துட்டா யாரைச் சொல்றோம்னே தெரியாமப் போயிடுமா? அப்ப கமா வேண்டாம். தெரியும், இது கூடுதல் தகவல் தான்னா கமா வேணும், அதுவும் ரெண்டு பக்கமும்.

"மை பிரதர், ஹூ இஸ் எ டாக்டர், கால்ட் மி." இவருக்கு இருக்கறது ஒரே அண்ணன், அவர் டாக்டர்ங்கறது போற போக்குல சொன்னது. "மை பிரதர் ஹூ இஸ் எ டாக்டர் கால்ட் மி." இவருக்கு ஒண்ணுக்கு மேல அண்ணன் தம்பி இருக்காங்க, அதுல டாக்டரா இருக்கறவர் கூப்பிட்டார். ரெண்டு கமா ஒரு குடும்பத்துல எத்தனை பேர்ங்கறதையே மாத்திடுது பாருங்க.

இங்க நடக்கற பெரிய தப்பு ஒத்தைக் கமா. முதல் கமாவைப் போட்டுட்டு ரெண்டாவதை மறந்துடறது. இந்தக் கமா பிராக்கெட் மாதிரி, திறந்தா மூடணும்.

ஜோடிக் கமா எவ்வளவு தூரம் போகும்னு கேட்டா, கனடாவுல 2006ல ரோஜர்ஸ், அலையன்ட்னு ரெண்டு கம்பெனிக்கு நடுவுல ஒரு சண்டை. கம்பத்துல கேபிள் கட்டற ஒப்பந்தம், ஐந்து வருஷத்துக்கு நடக்கும், அதுக்கு அப்புறம் ஐந்தைந்து வருஷமா நீளும், கமா, ஒரு வருஷம் முன்னாடி நோட்டீஸ் குடுத்து முடிச்சுக்காத வரைக்கும்னு எழுதியிருந்தாங்க. நோட்டீஸ் குடுக்கற உரிமை நீட்டிக்கிற காலத்துக்கு மட்டும் தான்னு ரோஜர்ஸ் நினைச்சாங்க. ஆனா அந்தக் கடைசிப் பகுதிக்கு முன்னாடி ஒரு கமா இருக்கறதால நடுவுல இருக்கற 'அதுக்கு அப்புறம் நீளும்'ங்கற பகுதி தனியாப் பிரிஞ்சிடுது, அதனால நோட்டீஸ் விஷயம் முதல் ஐந்து வருஷத்துக்கும் பொருந்தும்னு தொலைத்தொடர்பு ஆணையம் சொல்லிடுச்சு. 2007ல அதே ஒப்பந்தத்தோட ஃப்ரெஞ்சு வடிவத்தை எடுத்துப் பாத்தாங்க, அதுல சந்தேகத்துக்கு இடமில்லாம இருந்துச்சு, முடிவு மாறிப்போச்சு. ஒப்பந்தம் எழுதற வேலையில இருக்கறவங்க இதை மனசுல வச்சுக்கங்க.

கேள்வி: கொட்டேஷன் மார்க்குக்கு உள்ள புள்ளியா, வெளிய புள்ளியா?

அமெரிக்க முறைன்னா புள்ளியும் கமாவும் எப்பவும் உள்ள. பிரிட்டிஷ் முறைன்னா மேற்கோளுக்குச் சொந்தமான புள்ளி உள்ள, உங்க வாக்கியத்துக்குச் சொந்தமானது வெளிய. கொஸ்டின் மார்க்குக்கு ரெண்டு பேருமே அர்த்தத்தைப் பாத்துத் தான் வைக்கிறாங்க. ஒரு கட்டுரை முழுக்க ஒரே முறையில இருக்கட்டும், அது தான் முக்கியம். 'மிஸ்டர்' சுருக்கத்துக்கு அமெரிக்காவுல புள்ளி உண்டு, பிரிட்டன்ல இப்ப பெரும்பாலும் இல்ல, அதுலயும் இதே பதில்.

கேள்வி: சாட்ல நான் "ஓகே."ன்னு புள்ளி வச்சு அனுப்பினா கோவமா இருக்கியான்னு கேக்கறாங்க. சரியா எழுதறது ஒரு குத்தமா?

குத்தமே இல்ல, ஆனா அவங்க கேக்கறதும் கற்பனை இல்ல. 2015ல பிங்ஹாம்டன் யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்க 126 பேர்கிட்ட இதைச் சோதிச்சுப் பாத்தாங்க. ஒத்தை வார்த்தைப் பதில் புள்ளியோட வந்தா அது மனசார சொன்னதாத் தெரியலன்னு மதிப்புப் போட்டாங்க. அதே பதிலைக் கையால எழுதின சீட்டாக் காட்டினப்போ வித்தியாசமே இல்ல. காரணம் புரிஞ்சுக்கலாம். சாட்ல மெசேஜை அனுப்பினதே முடிவு தான், முடிஞ்சதைக் காட்டப் புள்ளி தேவையில்ல. தேவையில்லாத இடத்துல ஒண்ணு நின்னா படிக்கிறவங்க அதுக்கு வேற அர்த்தம் தேடுவாங்க. அதனால சாட்ல ஒத்தை வார்த்தைக்கு விட்டுடுங்க, மெயில்லயும் பரீட்சைலயும் விடாதீங்க.

இதோட சேத்து ஒரு வேண்டுகோள். மெயில்ல வாக்கியத்துக்கு வாக்கியம் "...." வைக்கிற பழக்கம் நிறையப் பேர்கிட்ட இருக்கு. எழுதறவங்களுக்கு அது இதமான இடைவெளி, படிக்கிறவங்களுக்கு எதையோ சொல்லாம விட்ட மாதிரி இருக்கும். "வி வில் டிஸ்கஸ் யுவர் லீவ்...." அப்படின்னு ஒரு மேலதிகாரி எழுதினா வாங்கினவர் அன்னைக்குத் தூங்க மாட்டார். மூணு புள்ளின்னா ஏதோ விட்டிருக்கு, இல்ல பேச்சு இழுபடுதுன்னு அர்த்தம். வெறும் முடிவுக்கு ஒரு புள்ளி போதும்.

கேள்வி: நீளமான டேஷ் போட்டா ஏஐ எழுதிக் குடுத்ததுன்னு சொல்லிடறாங்க. நான் டேஷ் போடறதையே விட்டுடணுமா? அதுக்கும் ஹைஃபனுக்கும் என்ன வித்தியாசம்?

விடாதீங்க. ஏஐ வர்றதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே அச்சுல இருக்கற குறி அது, மெஷின் எழுதின புத்தகத்துலயும் மனுஷன் எழுதின புத்தகத்துலயும் இருக்கும், அதை வச்சு யார் எழுதினதுன்னு தீர்ப்புச் சொல்றது நியாயமே இல்ல. ஒரு பத்திக்கு நாலு டேஷ் இருந்தா மட்டும் கொறைங்க, அது யார் எழுதினாலும் படிக்கக் கஷ்டம்.

வித்தியாசம் சுலபம். ஹைஃபன் வார்த்தைகளைச் சேக்கும், டேஷ் வாக்கியத்தைப் பிரிக்கும். ஹைஃபன் ஏன் முக்கியம்னா, "ஸ்மால் பிசினஸ் ஓனர்"னு எழுதினா ஓனர் சின்னவரா பிசினஸ் சின்னதான்னு ரெண்டுக்கும் இடம் இருக்கு, "ஸ்மால்-பிசினஸ் ஓனர்"னா தீந்துச்சு. "ரீ-சைன்" பண்ணினா திரும்பக் கையெழுத்துப் போட்டு வேலையில தொடர்றீங்க, ஹைஃபனை விட்டா வேலையையே விட்டுட்டீங்கன்னு அர்த்தம். ரெண்டு வார்த்தை சேந்து பின்னாடி வர்ற பெயர்ச்சொல்லுக்கு அடைமொழி ஆனா ஹைஃபன் போடுங்க: "எ வெல்-நோன் ரைட்டர்". அதே பின்னால போனா தேவையில்ல: "தி ரைட்டர் இஸ் வெல் நோன்". 'எல்-ஒய்'ல முடியற வினையடைச் சொல்லுக்கும் தேவையில்ல, "ஹைலி பெய்ட் ஜாப்"னு அப்படியே விட்டுடலாம்.

கேள்வி: மெயில்ல "ஹாய்"க்கு அப்புறம் கமா உண்டா?

கூப்பிடற பேருக்கும் மீதி வாக்கியத்துக்கும் நடுவுல கமா வரணும்ங்கறது விதி. "தேங்க் யூ, சார்." "கேன் யூ ஹெல்ப், டாக்டர்?" ரெண்டாவதுல கமாவை எடுத்துப் பாருங்க, டாக்டருக்கு உதவ முடியுமான்னு ஆயிடும். நாம 'டாக்டர்'னு கூப்பிட்டாலே குரல்லயே அது விளின்னு தெரிஞ்சுடும், காகிதத்துல அந்தக் குரல் இல்ல. மெயில் ஆரம்பத்துல மட்டும் "ஹாய் சார்,"னு 'ஹாய்'க்கு அப்புறம் கமா இல்லாம எழுதறது இப்ப எல்லாரும் ஏத்துக்கிட்ட வழக்கம், அதை யாரும் தப்புன்னு பிடிக்க மாட்டாங்க. "டியர் சார்,"ல நடுவுல கமா என்னைக்குமே கிடையாது, ஏன்னா 'டியர்' அடைமொழி.

கேள்வி: புள்ளிக்கு அப்புறம் ரெண்டு ஸ்பேஸ் தட்டணும்னு டைப்ரைட்டிங்ல படிச்சேன். இன்னும் அப்படித் தானா?

இல்ல, ஒண்ணு போதும். 2020ல இருந்து மைக்ரோசாஃப்ட் வேர்டே ரெண்டு ஸ்பேஸைத் தப்புன்னு கோடு போட்டுக் காட்டுது. டைப்ரைட்டர்ல எல்லா எழுத்தும் ஒரே அகலம், அதனால இடைவெளி அதிகம் தேவைப்பட்டிருக்கும், இப்ப இருக்கற ஃபான்ட்ல தேவையில்ல. கூடவே, புள்ளிக்கும் கமாவுக்கும் கொஸ்டின் மார்க்குக்கும் முன்னாடி ஸ்பேஸ் விடாதீங்க. வரி மடங்கும்போது அந்தக் குறி மட்டும் தனியா அடுத்த வரில போய் உக்காந்துக்கும்.

கேள்வி: பிராக்கெட் முடியற இடத்துல புள்ளி உள்ளயா, வெளியயா?

பிராக்கெட்டுக்குள்ள முழு வாக்கியம் தனியா நின்னா உள்ள. உங்க வாக்கியத்தோட ஒரு துண்டு மட்டும் பிராக்கெட்ல இருந்தா வெளிய. ரெண்டு இடத்துலயும் வைக்காதீங்க.